வாற்கோதுமை மணியின் எடை

அரபு மொழியில் 'ளப்து' என்றொரு சொல் உண்டு. இறுகப் பிடித்தல், தவறவிடாது காத்தல், கூட்டாமலும் குறைக்காமலும் ஒரு நிலையில் நிறுத்துதல் என்றெல்லாம் அதற்குப் பொருள் விரியும். ஹதீஸ் கலையில் ஒருவருடைய அறிவிப்பை ஏற்பதற்கு அவரிடம் இரு தன்மைகள் இருத்தல் வேண்டும் என்பர். ஒன்று 'அதாலத்' எனும் நேர்மை. மற்றொன்று இந்த ளப்து. நேர்மையாளர் எல்லாரும் ளப்து உடையவர் அல்லர். பொய்யே அறியாத நல்லவர் ஒருவர், கேட்ட செய்தியை இன்று ஒருவிதமாகவும் நாளை வேறுவிதமாகவும் சொல்லிவிடக் கூடும். அவர் பாவி அல்லர். ஆயினும் அவர் சொல்லை நிறுவையில் ஏற்ற முடியாது.

ஒருவரிடம் ளப்து உண்டா என்பதை அறியும் வழியை, ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் தெளிவாக வகுத்துரைத்திருக்கிறார். உறுதியானவர் எனப் பெயர் பெற்றோரின் அறிவிப்புகளோடு இவருடைய அறிவிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒத்து வருமாயின் அவர் 'ளாபித்'. அடிக்கடி மாறுபடுமாயின் அவரை ஆதாரமாகக் கொள்ளலாகாது. அதாவது, ஒருமுறை சரியாகச் சொன்னார் என்பது சான்றாகாது. பலமுறையும் ஒன்றாகச் சொன்னார் என்பதே சான்று.

பல்லாண்டுகளாக இப்பாடத்தை மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். இதற்கு மிகப் பொருத்தமான விளக்கம், கையாலேயே துப்பாக்கித் தோட்டா செய்யும் ஒருவர் வாயிலாகக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

அவர் எங்கள் அபிராமத்துப் பிள்ளை. சிறுவயதில் என்னிடம் ஓதியவர். பொறியியல் படித்து, இன்று அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் மனைவி மக்களோடு வாழ்கிறார். சென்ற ஆண்டு விடுமுறையில் அவர் ஊர் வருவதற்குச் சில நாள் முன்பாக அவருடைய தாயார் என்னைத் தேடி வந்தார்.

"அஜ்ரத், நீங்க ஓதிக் கொடுத்த பிள்ளை, நீங்க சொன்னாத்தான் கேட்பான். அங்கே துப்பாக்கி வச்சிருக்கானாம். தோட்டாவைக்கூட வீட்டிலேயே செய்யிறானாம். எங்க அத்தாவுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாதா? அதைத் தலைமுழுகச் சொல்லுங்க" என்று கண் கலங்கினார்.

அவர் அத்தாவுக்கு நடந்ததை ஊரில் மூத்தவர்கள் அறிவர். முயலும் கவுதாரியும் மலிந்திருந்த அந்நாளில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர் அவர். உள்ளங்கையில் மருந்தைக் கொட்டி, கண்ணால் மட்டிட்டு, குழலில் இட்டுக் கெட்டிப்பார். நெடுங்காலம் அது பிழையாமல் நடந்தது. ஒருநாள், வழக்கமாக வாங்கும் இடத்தில் மருந்து கிடைக்காமல் வேறோரிடத்தில் வாங்கினார். அதே உள்ளங்கை, அதே மட்டு. குழல் வெடித்தது. வலக்கண்ணும் இரு விரல்களும் போயின. அத்தாவின் கையைப் பிடித்து இருபது ஆண்டுகள் வழிநடத்திய மகள்தான் என் முன்னே நின்றவர். அவருடைய அச்சத்தைப் பெண்பிள்ளை அச்சம் என்று தள்ளிவிட எவருக்கும் உரிமை இல்லை.

மகன் வந்தார். நான் அறிவுரை எதுவும் தொடங்குமுன், "முதலில் என்ன செய்கிறாய் என்பதைச் சொல், தம்பி" என்று கேட்டேன். அவர் தம் கைப்பேசியில் துப்பாக்கியின் படத்தைக் காட்டவில்லை. கைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஐந்தைந்து துளைகள். ஒன்றில் துளைகள் நடுப்புள்ளியைச் சுற்றி நாற்புறமும் சிதறிக் கிடந்தன. மற்றொன்றில் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு நாலணாக் காசால் மூடிவிடக் கூடிய அளவில் இருந்தன. ஆனால் நடுப்புள்ளிக்கு நான்கு விரற்கடை தள்ளி இருந்தன.

"இவற்றுள் எது நல்லது, அஜ்ரத்?" என்றார்.

புள்ளிக்கு அருகில் இரண்டு துளைகள் இருந்த முதற் காகிதத்தைக் காட்டுவதே எவருக்கும் இயல்பு. அவரோ இரண்டாவதே சிறந்தது என்றார். "இதில் தவறு ஒன்றுதான், ஐந்து முறையும் அதே தவறு. குறிகாட்டியைச் சிறிது திருப்பினால் ஐந்தும் நடுவில் போய் விழும். முதற் காகிதத்தில் எதைத் திருத்துவது? ஐந்து துளைக்கு ஐந்து தவறு" என்றார்.

ஓதக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இதை உடனே உணர்வர். ஓர் எழுத்தை எப்போதும் ஒரே விதமாகப் பிழைபட உச்சரிக்கும் சிறுவனை ஒரு வாரத்தில் திருத்திவிடலாம். ஒருமுறை சரியாகவும் மறுமுறை பிழையாகவும் ஓதுகின்றவனே ஆசிரியரைச் சோதிப்பவன். தஜ்வீது கலையிலும் இவ்விதி உண்டு. சில இடங்களில் நான்கு அளவு நீட்டுவதும் கூடும், ஐந்து அளவு நீட்டுவதும் கூடும். ஆனால் நான்கு என்று தொடங்கியவர் முடிக்குமட்டும் நான்கே நீட்ட வேண்டும்.

பின்னர் அவர் தோட்டாவின் அமைப்பை விளக்கினார். அது நான்கு உறுப்புகளின் கூட்டு. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை உறை, அதன் அடியில், தட்டினால் பொறி தரும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் பொருத்திய குண்டு. சுட்டபின் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு பயனற்றதாகும். பித்தளை உறை மட்டும் எஞ்சும். அதை எடுத்து, துடைத்து, விரிந்த உடலை அச்சில் இட்டுப் பழைய அளவுக்குக் கொணர்ந்து, நீண்டுவிட்ட வாயை அளவாகச் சீவி, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் தோட்டாவாக்குவதே இக்கலை. செலவைக் குறைப்பதற்காகத் தொடங்குவோர் பலர். ஆனால் ஒவ்வொரு தோட்டாவும் அதற்கு முந்தியதைப் போலவே இருக்க வேண்டும் என்ற ஆவலே அவர்களைத் தொடர வைக்கிறது என்றார்.

மருந்தை எவ்வாறு அளப்பாய் என்று கேட்டேன். 'கிரெயின்' என்னும் எடையால் என்றார். ஓர் ஆங்கில ராத்தலில் 7000 கிரெயின். ஒன்றின் எடை ஏறத்தாழ 64.8 மில்லிகிராம். அவருடைய தராசு அதிலும் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். கிரெயின் என்றால் தானியமணி. பழங்காலத்தில் ஒரு வாற்கோதுமை மணியின் எடையாகவே அது கருதப்பட்டது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஃபிக்ஹு நூல்களில் ஜகாத்தின் நிறையும் இதே தானியத்தால் அன்றோ சொல்லப்பட்டிருக்கிறது! ஒரு மிஸ்கால் என்பது 72 வாற்கோதுமை மணிகள். அதுவும் எவ்வகை மணி? உமி நீக்காத, பெரிதுமல்லாத சிறிதுமல்லாத நடுத்தர மணி. அதன் இரு முனைகளிலும் நீண்டிருக்கும் மெல்லிய கூர் வெட்டப்பட்டிருக்க வேண்டும். நம் முன்னோர் இத்துணை நுணுக்கம் பார்த்தது ஏன்? மணிக்கு மணி எடை மாறும். மாறுவதை மாறாததாக்கினாலன்றி அது அளவுகோலாகாது என்பதனால்தான். இருபது மிஸ்காலை இன்று பலரும் 85 கிராம் தங்கமாகக் கொள்கின்றனர். அவ்வாறு கணக்கிட்டால் ஒரு மணியின் எடை ஏறத்தாழ 59 மில்லிகிராம். அரபியர் மணிக்கும் ஆங்கிலேயர் மணிக்கும் உள்ள வேறுபாடு, அந்தப் பிள்ளையின் தராசில் ஒரு கோடு அளவுதான்! நம் தமிழகத்துப் பொற்கொல்லரும் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்று விதைகளைக் கொண்டே பொன்னை நிறுத்தனர். தேசங்கள் வேறாயினும், சிறியதை நிறுக்க மனிதன் கண்ட வழி ஒன்றாகவே இருந்திருக்கிறது.

"இவ்வளவு நுணுக்கம் எதற்கு? ஓர் இம்மி கூடினால் என்ன?" என்று வினவினேன். காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினார். குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்க. காற்றின் தடையை நீக்கிப் பார்த்தாலும், 300 மீட்டர் தூரம் செல்வதற்குள் அது சுமார் 69 சென்டிமீட்டர் கீழிறங்கும். மருந்தின் வேறுபாட்டால் வேகம் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்ததாயின் இன்னும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தாழும். இது சிறியதே. ஆனால் 900 மீட்டர் தூரத்தில் அதே குறைபாடு 25 சென்டிமீட்டருக்கு மேலாகி, ஒரு சாணைத் தாண்டிவிடும். தூரம் மும்மடங்காகும்போது பிழை ஒன்பது மடங்காகிறது. அருகில் மறைந்திருக்கும் பிழை தொலைவில் வெளிப்படும் என்பது இதன் பாடம்.

இத்துறையின் அறிவியலுக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் நம் தமிழ்க் கரையில்தான் உயிர் நீத்தார் என்பது வாசகர் பலரும் அறியாத செய்தியாகலாம். இங்கிலாந்தின் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் பீரங்கிக் கலையைப் பற்றிப் புதிய கோட்பாடுகளை வெளியிட்டார். கனத்த மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட்டு, ஊசல் ஆடிய அளவைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்ட முறை அவருடையது. மாபெரும் கணித மேதை ஆய்லர் 1745இல் அந்நூலை ஜெர்மன் மொழியில் விளக்கத்தோடு பெயர்த்தார். வழவழப்பான குழலிலிருந்து புறப்படும் உருண்டைக் குண்டு ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் விலகுவதன் காரணத்தையும் ராபின்ஸ் ஆராய்ந்தார். குழலின் பக்கத்தில் உரசும் குண்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சுழன்று கொண்டு போகிறது. அச்சுழற்சியே அதை வளைக்கிறது என்று கண்டார். குழலின் உட்புறம் திருகுவரி வெட்டினால் ஒவ்வொரு குண்டும் ஒரே விதமாகச் சுழலும். ஆகவே நேரே செல்லும் என்று 1747இல் எடுத்துரைத்தார். சுழற்சியை ஒழிக்க முடியாது. ஒழுங்குபடுத்த முடியும் என்பதே அதன் சாரம். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750இல் இங்கு வந்து, கோட்டைகளைச் செப்பனிடும் வேலையில் ஈடுபட்டிருக்கையில், 1751 ஜூலையில் கடலூர்த் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 44.

அவருக்கும் முந்திய வரலாறு அரபு நூல்களில் இருக்கிறது. வெடியுப்பை 'சீனத்துப் பனி' என்னும் பெயரால் 13ஆம் நூற்றாண்டின் மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் குறிப்பிட்டார். அந்நூற்றாண்டின் இறுதியில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்ரம்மாஹ், வெடியுப்பை மரச்சாம்பல் கொண்டு தூய்மை செய்யும் முறையையும், உப்பு, கந்தகம், கரி ஆகியவற்றை எந்தெந்த நிறையில் சேர்ப்பது என்பதையும் வரிசையாக எழுதி வைத்தார். கைமட்டு என்பதை அன்றே அவர்கள் விட்டுவிட்டனர்.

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். அவருடைய அத்தாவின் உள்ளங்கை அன்றும் பொய்க்கவில்லை, அளவு மாறவில்லை. மாறியது மருந்து. கருமருந்தில் பருமணியும் உண்டு, பொடிமணியும் உண்டு. பொடிமணி விரைந்து எரியும். ஆகவே அதே அளவில் மிகுந்த அழுத்தத்தைப் பிறப்பிக்கும். அன்று வேறிடத்தில் வாங்கியது பொடிமணியாக இருந்திருக்கலாம் என்று பேரன் கருதுகிறார். அளவில் ஒழுங்கு இருந்தது. அளக்கப்படும் பொருளைப் பற்றிய அறிவு இல்லை. இரண்டும் சேர்ந்தாலன்றி ளப்து நிறைவாகாது.

இதனாலேயே இக்கலையில் குறிப்பேடு இன்றியமையாதது என்றார் மாணவர். எந்த ஆலையின் மருந்து, எந்தத் தொகுதி எண், எத்தனை கிரெயின், உறை எத்தனை முறை பயன்பட்டது, அன்றைய வெப்பம் என்ன, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்று ஒவ்வொன்றும் அதில் ஏறும். ஒரே பெயருள்ள மருந்தேயானாலும் புதிய தொகுதி வந்தால் பழைய கணக்கை நம்பி அப்படியே இடமாட்டார். நூல்களில் குறித்துள்ள குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்குவார். நம் இமாம்கள் ளப்தை நெஞ்சின் ளப்து, ஏட்டின் ளப்து என இரண்டாகப் பிரித்தது என் நினைவுக்கு வந்தது. எகிப்தின் காஜியாக இருந்த அப்துல்லாஹ் இப்னு லஹீஆவின் ஏடுகள் தீயில் எரிந்தன என்றும், அதன்பின் நினைவிலிருந்து அவர் அறிவித்தவற்றில் கலப்பு நேர்ந்தது என்றும் எழுதுவர். நேர்மை குன்றவில்லை, ஏடு போயிற்று.

அவர் கடைப்பிடிக்கும் விதிகளையும் கேட்டறிந்தேன். மேசைமீது ஒரு நேரத்தில் ஒரு வகை மருந்து மட்டுமே இருக்கும். வேலை நடக்கும்போது பேச்சு இல்லை, தொலைபேசி இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. ஓர் உறையில் மறந்து இருமுறை மருந்து விழுமாயின் துப்பாக்கியே வெடித்துவிடும். ஆதலால் குண்டைப் பொருத்துமுன் எல்லா உறைகளையும் விளக்கொளியில் வரிசையாக நிறுத்தி, உள்ளே மருந்தின் மட்டம் ஒன்றாக உள்ளதா என்று பார்ப்பார். நடுவில் யாரேனும் அழைத்து எழ நேர்ந்தால், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரமாட்டார்; உறைகளிலுள்ள மருந்தைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

இதைக் கேட்டுக் கொண்டிருந்த அடுத்த வீட்டு இளைஞர் ஒருவர், "நாமும் இங்கே செய்து பார்க்கலாமே" என்றார். அது கூடாது என்பதை மாணவரே எடுத்துச் சொன்னார். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் தோட்டா செய்வது குற்றம். நீலகிரியில் அருவங்காட்டில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர் அமைத்த கார்டைட் ஆலை இன்றும் அரசுடைமையாக மருந்து செய்து வருகிறது. 2021 அக்டோபர் முதல் அது அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் உள்ளது. குறிபார்க்கும் ஆவல் உள்ளவர்க்குக் காற்றுத் துப்பாக்கி விளையாட்டு இருக்கிறது. அதில் மருந்தே இல்லை. பத்து மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளியே பத்து மதிப்பெண். கடலூரைச் சேர்ந்த தமிழ்ப் பெண் இளவேனில் வாலறிவன் அவ்விளையாட்டில் 2019இல் ரியோ நகரத்து உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். ராபின்ஸ் மறைந்த அதே கடலூர்!

இறுதியில் நான் கேட்டது ஒன்றே: "வீட்டில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்களே, தம்பி?" துப்பாக்கி ஓர் இரும்புப் பெட்டியிலும் தோட்டாக்கள் வேறொரு பெட்டியிலும் பூட்டப்பட்டுள்ளன என்றார். சாவிகள் எங்கே என்றேன். மேசை இழுப்பறையில் என்றார். பிள்ளைகள் வளர்கின்றனர், இழுப்பறையின் உயரம் வளராது. "மருந்தில் ஒரு மணியின் பத்திலொரு பங்கைப் பார்க்கின்றவன் சாவியை இழுப்பறையில் வைக்கலாமா?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அன்றிரவே மனைவிக்குத் தொலைபேசியில் சொல்லிச் சாவிகளை இடம் மாற்றச் செய்தார். ஊர் திரும்பியதும் எண்பூட்டு வாங்கிப் பொருத்தியதாகத் தெரிவித்தார்.

தாயாரிடம் நான் எதையும் மறைக்கவில்லை. "உங்கள் அத்தாவுக்கு வந்த விபத்து எங்கிருந்து வந்ததோ அந்த வாயிலை இவர் அடைத்து வைத்திருக்கிறார். அடைபடாமல் இருந்த இன்னொரு வாயிலையும் இப்போது அடைத்துவிட்டார். ஆயினும் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், ஆபத்தை அறிந்து நடக்கிறார் என்று மட்டும் சொல்வேன்" என்றேன். அவர் மகிழ்ந்துவிடவில்லை. "பிடிக்கல்லே, அஜ்ரத். ஆனாலும் அவன் எழுதி வைக்கிற ஏட்டைப் பார்த்தேன். எங்க அத்தா எதையும் எழுதி வச்சதில்லே" என்று சொல்லிச் சென்றார்.

பெற்றோர்க்கு நான் சொல்ல விழைவது இதுதான். நம் பிள்ளைகள் எந்தத் தொழிலுக்குப் போனாலும், சிங்கப்பூரில் கணக்கெழுதினாலும், மருந்துக் கடையில் மாத்திரை எண்ணினாலும், சந்தையில் முண்டு மிளகாய் நிறுத்தாலும், ஒருநாள் சரியாகச் செய்து மெச்சப்படுவது பெரிதன்று. யாரும் பாராத நாளிலும், களைத்த நாளிலும், ஆயிரமாவது முறையும் முதல் முறையைப் போலவே செய்தல் பெரிது. களைப்பு மிகும் வேளையில் வேலையை நிறுத்தி வைக்கத் தெரிவதும் அதில் அடங்கும். இப்பழக்கம் பெரிய நூல்களால் வருவதன்று. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கொடுத்த சில்லறையை எண்ணி வாங்கச் சொல்லுங்கள். செய்ததை நாள் குறித்து எழுதச் சொல்லுங்கள். நேர்மையை ஊட்டுவதோடு ளப்தையும் ஊட்டுங்கள்.